அவசரமே படாத ஒரு ஒயின் கம்பெனி: ரியோஹால லோபஸ் தே எரேடியா தாக்குப்பிடிச்ச கணக்கு

ஸ்பெயின்ல ரியோஹா பகுதி விதிப்படி ஒரு சிவப்பு ஒயின் பாட்டில்ல "கிரான் ரெசர்வா"ன்னு போடணும்னா அந்த ஒயினுக்கு மொத்தம் 5 வயசு ஆகியிருக்கணும், அதுல 2 வருஷமாவது ஓக் மர பேரல்ல இருந்திருக்கணும். இதுவே உலக அளவுல பார்த்தா ரொம்ப கறாரான விதி. ஆனா ஆரோங்கற சின்ன ஊர்ல இருக்கற லோபஸ் தே எரேடியா கம்பெனியோட டொண்டோனியா கிரான் ரெசர்வா பேரல்ல மட்டுமே சுமார் 10 வருஷம் கிடக்கும், அதுக்கப்புறம் பாட்டில்ல அடைச்சு நிலவறையில இன்னும் பல வருஷம். 1994ல பறிச்ச திராட்சை கிரான் ரெசர்வாவா கடைக்கு வரும்போது ஏறக்குறைய இருபது வருஷம் ஓடியிருந்தது. அன்னிக்கு பறிச்ச கைகள்ல பாதிப்பேர் ரிட்டயர் ஆகியிருப்பாங்க.

இவங்க ஒயின் டேஸ்ட்டை பத்தி நிறைய பேர் உருகி உருகி எழுதியிருக்காங்க, நானும் கொஞ்சம் உருகுவேன், ஆனா இந்த ஆய்வுல நான் பார்க்க வந்தது வேற. காசு எங்க போகுது, எங்கேர்ந்து வருது? சரக்கை இருபது வருஷம் பூட்டி வச்சு விக்கற ஒரு குடும்ப கம்பெனி, அதுவும் நடுவுல ஒரு இருபது முப்பது வருஷம் உலகம் பூரா "இதெல்லாம் பழைய பாணி, இனிமே யாரு குடிப்பா"ன்னு சொல்லிட்டு இருந்த காலத்துல, எப்படி மூடாம இருந்தது? பாரம்பரியம், பிடிவாதம், ஆன்மா அப்படின்னு வழக்கமா ஒரு பதில் சொல்வாங்க. அதுல எனக்கு திருப்தி இல்ல. பிடிவாதக்காரங்க எல்லாரும் பொழைக்கறதில்ல.

ஊரும் ரயிலும்

முதல்ல இடத்தை புரிஞ்சுக்கணும். ரியோஹா ஸ்பெயினோட வடக்குப் பக்கம், எப்ரோ ஆத்தோட ரெண்டு கரையிலயும் நீளமா கிடக்கற பகுதி. வடக்கே கான்டப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்னு அட்லாண்டிக் பக்கத்துலேர்ந்து வர்ற குளிர்காத்தையும் மழையையும் கொஞ்சம் தடுத்து வைக்குது. மேற்குல ஆரோ பக்கம் குளிர்ச்சி, கிழக்க போகப்போக மெடிட்டரேனியன் சூடு. ரியோஹா ஆல்டா, ரியோஹா அலவேசா, ரியோஹா ஓரியென்டல்னு மூணா பிரிச்சிருக்காங்க, கடைசியா சொன்னதோட பேரு 2018 வரைக்கும் ரியோஹா பாஹா. இதுல அலவேசா ஸ்பெயினுக்குள்ளயே இருக்கற பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில வருது.

மொத்தம் அறுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல திராட்சை. ஆனா அந்த நிலத்துல பெரும்பகுதி ஒயின் கம்பெனிகளோடது இல்ல, ஆயிரக்கணக்கான சின்ன விவசாயிங்களோடது. கம்பெனிக்காரன் பல ஊர் திராட்சையை வாங்கி, கலந்து, பேரல்ல போட்டு, தன் பிராண்ட் பேருல விப்பான். ரியோஹால ரொம்ப காலமா இதுதான் வழக்கம், இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆரோவுக்கு 1863ல ரயில் வந்தது, பில்பாவோ துறைமுகத்தோட இணைப்பு கிடைச்சுது. கிட்டத்தட்ட அதே பத்தாண்டுல பிரான்ஸ்ல ஃபிலாக்சரா பூச்சி, வேரை உறிஞ்சி கொடியையே சாகடிக்கற ஒரு குட்டிப் பூச்சி, தெற்குலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு தோட்டமா காலி பண்ணிட்டு வந்தது. பிரான்ஸோட பெரிய ஒயின் ஊரான போர்டோ (Bordeaux) வியாபாரிங்களுக்கு சரக்கு இல்ல. பைரனீஸ் மலையை தாண்டினா ரியோஹா. வந்தாங்க. வரும்போது பணத்தோட 225 லிட்டர் ஓக் பேரலையும் அதுல ஒயினை வருஷக்கணக்குல வச்சு பக்குவப்படுத்தற முறையையும் கொண்டுவந்தாங்க. (முறை அதுக்கு முன்னாடியே தெரியாதுன்னு இல்ல, மார்கேஸ் தே முரியேட்டா, மார்கேஸ் தே ரிஸ்கல் ரெண்டு பேரும் 1850கள்லயே போர்டோ பாணியில பண்ண ஆரம்பிச்சாச்சு, அதை ஒரு தொழிலா பெருக்கினது இந்த பிரெஞ்சு அலைதான்.) 1882ல பிரான்ஸும் ஸ்பெயினும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்துல வரி குறைஞ்சுது, ஆரோவுல காசு கொட்டுச்சு. அந்த சின்ன ஊர்ல ஸ்பெயின் மத்திய பேங்க்கே ஒரு கிளை திறந்தது. 1890ல தெருவுக்கு மின்விளக்கு வந்துட்டுது, ஸ்பெயின்ல பெரிய பெரிய நகரங்களுக்கே அப்ப இல்ல. "ஆரோ வந்துட்டோம், லைட்டு தெரியுது"ன்னு ஒரு சொலவடை இன்னிக்கும் அந்த ஊர்க்காரங்க பெருமையா சொல்வாங்க.

ரயில் ஸ்டேஷனை சுத்தி ஒரே பேட்டையில வரிசையா ஒயின் கம்பெனிங்க. லோபஸ் தே எரேடியா 1877, குனே 1879, கோமேஸ் குருசாடோ 1886, லா ரியோஹா ஆல்டா 1890, போடேகாஸ் பில்பைனாஸ் 1901. முகா 1932ல ஊருக்குள்ள ஆரம்பிச்சு 1970 வாக்குல இங்க வந்தாங்க, ரோடா 1987. நடந்தே எல்லாத்தையும் பார்த்துடலாம். இவ்வளவு பழைய கம்பெனிங்க இவ்வளவு நெருக்கமா இருக்கற பேட்டை ஒயின் உலகத்துல ரொம்ப கம்மி.

நம்ம ஆளு ரஃபேல் லோபஸ் தே எரேடியா இ லாண்டெட்டா. சிலி நாட்டுல பிறந்தவர், ஸ்பெயின்ல அரியணை யாருக்குன்னு நடந்த கார்லிஸ்ட் உள்நாட்டுப் போர்ல தோத்த பக்கம் நின்னதால பிரான்ஸுக்கு போய், அங்க வணிகம் கத்துக்கிட்டு, பிரெஞ்சு ஒயின் வியாபாரத்துக்கு வேலை பார்க்க ஆரோ வந்தவர். வேலைக்கு வந்தவர் அங்கயே சொந்தமா ஆரம்பிச்சுட்டார்.

அப்புறம் 1892ல ஒப்பந்தம் முடிஞ்சு பிரான்ஸ் வரியை ஏத்திட்டுது, அவங்க தோட்டங்களும் அமெரிக்க வேர்ல ஒட்டு கட்டி மீண்டுட்டுது, பிரெஞ்சு வியாபாரிங்க மூட்டை கட்டினாங்க. 1899ல அதே ஃபிலாக்சரா ரியோஹாவுக்குள்ளயும் நுழைஞ்சுது. ஒரே பத்தாண்டுல வாங்கறவனும் போனான், திராட்சையும் போச்சு.

இந்த நேரத்துலதான் ரஃபேல் பண்ண ஒரு காரியம் எனக்கு மொத்த கதைக்கும் ஆணிவேரா படுது. பூச்சி அழிச்ச நிலம் மலிவா கிடக்கு, மத்தவங்க மறுபடியும் விவசாயிங்ககிட்ட திராட்சை வாங்கற பழைய வழிக்கே போறாங்க, இவர் நிலத்தை வாங்கிப் போட்டார். எப்ரோ ஆறு சங்கு மாதிரி வளைஞ்சு போற இடத்துல, வலது கரையில, சுண்ணாம்பு கலந்த களிமண் நிலம், சுமார் 100 ஹெக்டேர். 1913, 1914ல கொடி நட்டார். அதுதான் வின்யா டொண்டோனியா. இதோட போஸ்கோனியா, குபியோ ஒயின்களுக்கு வேற ரெண்டு தோட்டம், வெள்ளை ஒயினுக்கு சக்கோனியா தோட்டம், எல்லாம் சேர்த்து 170 ஹெக்டேர் மாதிரி. இன்னிக்கு வரைக்கும் அவங்க ஒயின் முழுக்க இந்த நிலத்துலேர்ந்துதான் வருது, வெளி திராட்சை வாங்கறதில்ல.

உள்ள என்ன நடக்குது

சிவப்புக்கு முக்கிய திராட்சை டெம்ப்ரானியோ, டொண்டோனியால முக்கால்வாசி அதுதான், அப்புறம் கர்னாச்சா, கொஞ்சமா கிராசியானோவும் மசுவேலோவும். நாலையும் கலக்கறதுக்கு காரணம் இருக்கு. டெம்ப்ரானியோவுக்கு உடம்பு இருக்கு ஆனா புளிப்பு கொஞ்சம் சீக்கிரம் இறங்கிடும். கிராசியானோ, மசுவேலோ ரெண்டுலயும் புளிப்பு தூக்கலா இருக்கும். பல வருஷம் கிடக்கப் போற ஒயினுக்கு முதுகெலும்பு அந்த புளிப்புதான், அது இல்லன்னா பத்து வருஷ பேரல் வாசத்துல ஒயின் துவண்டுடும். அதனால கொஞ்சமா போட்டாலும் அந்த ரெண்டும் இல்லாம ஆகாது.

கையால பறிச்சு மரத்தொட்டியில போட்டு கொண்டுவருவாங்க. புளிக்க வைக்கறது பெரிய பெரிய ஓக் தொட்டியில, சிலது கம்பெனி ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இருக்கு. வெளியிலேர்ந்து ஈஸ்ட் போடறதில்ல, திராட்சைத் தோல்லயும் அந்த மரத்துலயும் இருக்கறதே வேலையை பார்த்துக்கும். ஸ்டீல் டேங்க் இல்ல. அப்புறம் பேரல். ஏறக்குறைய 13,000 பேரல் வச்சிருக்காங்க, எல்லாம் அமெரிக்க ஓக், மரமா வாங்கி, வெளிய போட்டு வருஷக்கணக்குல காயவிட்டு, தங்களோட சொந்த பட்டறையில சொந்த தச்சர்கள் வச்சு பேரலா கட்டறாங்க, பழசை அவங்களே ரிப்பேர் பண்றாங்க.

இதுல ஒரு விஷயம் பலபேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. ஆறு வருஷம், பத்து வருஷம் பேரல்னதும் ஒரே மர வாசனையா, வெனிலாவா இருக்கும்னு நினைப்பாங்க. இல்ல. பேரல் பழசு. புது மண்சட்டியில முதல் சில தடவை குழம்பு வச்சா மண் வாடை அடிக்கும், பழகின சட்டியில அடிக்காது, அதே கதைதான். பழைய பேரல் வாசனையை கொடுக்கறதை நிறுத்திடும், ஆனா மரத்தோட நுண்ணிய துளை வழியா காத்து துளித்துளியா உள்ள போயிட்டே இருக்கும். ஒயினுக்கு தேவைப்படறது அந்த காத்து. அதுல நிறம் கருஞ்சிவப்புலேர்ந்து செங்கல் நிறத்துக்கு இறங்கும், பழ வாசனை மாறி காஞ்ச ஆரஞ்சுத் தோல், தோல் பொருள், புகையிலை, வால்நட் இந்தப் பக்கம் போகும், நாக்குல பிடிச்சு இழுக்கற துவர்ப்பு மழுங்கி வழவழன்னு ஆகும். புது பேரல்ல வச்சு சுருக்கா மர வாசனை ஏத்தின ஒயினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு பேரல்லேர்ந்தும் ஒயினை வேற சுத்தமான பேரலுக்கு மாத்துவாங்க, அடியில தங்கின வண்டலை விட்டுட்டு. ரியோஹாவோட பழைய முறையில இதுக்கு மெஷினை விட கண்ணுதான் முக்கியம். மெதுவா வடிய விட்டு, ஒருத்தர் கிளாஸ்ல பிடிச்சு மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு நேரா காட்டி பார்த்துட்டே இருப்பார், தெளிவா வர்ற வரைக்கும் ஓடும், லேசா கலங்கல் தெரிஞ்ச அந்த நொடியில நிறுத்திடுவார். காலி பேரலை கழுவி, உள்ள கந்தகம் கொளுத்தி, அடுத்த சுற்றுக்கு வைப்பாங்க. கடைசியா பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி முட்டை வெள்ளைக்கரு போட்டு தெளிய வைப்பாங்க, வெள்ளைக்கரு துவர்ப்பு சத்தை பிடிச்சுக்கிட்டு அடியில உக்கார்ந்துடும், மேல தெளிவு.

இப்ப சும்மா ஒரு கணக்கு போடுங்க. 13,000 பேரலும் நிரம்பியிருக்குன்னு வச்சா 29 லட்சம் லிட்டருக்கு மேல, பாட்டில் கணக்குல 39 லட்சம். வருஷத்துக்கு ரெண்டு மாத்தல்னா 26,000 தடவை. வேலை நாள் 300ன்னாலும் தினமும் 85 பேரலுக்கு மேல ஒருத்தர் கிளாஸை பிடிச்சு பார்த்தாகணும். எல்லா பேரலும் எப்பவும் நிரம்பியிருக்காதுதான், இருந்தாலும் அளவு புரியுதுல்ல? கிரான் ரெசர்வாவுக்கு ஒரு படி கீழ இருக்கறது ரெசர்வா. டொண்டோனியா ரெசர்வா 6 வருஷம் பேரல்ல இருக்கு, அப்ப ஒரே ஒயினை 12 தடவை கையால நகர்த்தறாங்க. விதி கேக்கறது 1 வருஷ பேரல் மட்டும். குபியோன்னு ஒரு கிரியான்சா (ரெசர்வாவுக்கும் கீழ்ப் படி) இருக்கு, அவங்ககிட்ட இருக்கறதுலயே இளசு, அதுவே 3 வருஷம் பேரல்ல, பேரல் வயசு கணக்குல பார்த்தா அதை ரெசர்வான்னே வித்திருக்கலாம், இவங்க ஒரு படி கீழயே வச்சிருக்காங்க.

நிலவறை பத்தி சொல்லாம விட முடியாது. மலையை குடைஞ்சு எப்ரோ பக்கமா போற 140 மீட்டர் நீள சுரங்கம். ஈரம், குளிர், சுவர் பூரா கறுப்புப் பூஞ்சை, பழைய பாட்டில் அடுக்கி வச்ச மூலையில ஒட்டடை துணி மாதிரி தொங்கும். ஒட்டடை அடிக்கறதில்ல, கார்க்கை அரிக்கற அந்துப்பூச்சியை சிலந்தி தின்னுடுது, அதனால விட்டு வச்சிருக்கோம்னு சொல்வாங்க. நியாயமான காரணம்தான், போட்டோவுக்கும் நல்லா இருக்கு, ரெண்டுமே உண்மையா இருக்கலாம். ஆனா எனக்கு அந்த ஒட்டடையை விட அந்த குளிரும் ஈரமும்தான் முக்கியமா படுது, அது இல்லன்னா பத்து வருஷத்துல பேரல்லேர்ந்து ஆவியாகற அளவே தனி நஷ்டமா வந்து நிக்கும்.

பணக் கணக்கு

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு பேரல் ஒயின்ல இன்னிக்கு 100 யூரோ போட்டீங்க, அது 20 வருஷம் கழிச்சுதான் விக்கும். வட்டி 6 சதவீதம்னு ஒரு பேச்சுக்கு வச்சா அந்த 100 யூரோ 320 ஆகணும், அப்பதான் கை கடிக்காது. இதுக்கு மேல 20 வருஷத்துக்கு ஆள் சம்பளம், ஆவியாகற நஷ்டம், இட வாடகை. கடன் வாங்கி இந்த தொழில் பண்றவன் அஞ்சாவது வருஷத்துல சரக்கை தள்ளி விட்டுடுவான், வேற வழியே இல்ல அவனுக்கு. ஷேர் மார்க்கெட்டுல இருக்கற கம்பெனின்னா யாராவது ஒரு புது மேனேஜர் வந்து "இவ்வளவு ஸ்டாக் எதுக்கு முடங்கி கிடக்கு"ன்னு கேட்டு முதல் வருஷமே பேலன்ஸ் ஷீட்டை அழகாக்கிட்டு போயிடுவார், அழகாகவும் இருக்கும், பத்து வருஷம் கழிச்சு கம்பெனி கிட்ட விக்க எதுவும் இருக்காது.

லோபஸ் தே எரேடியாவால முடிஞ்சதுக்கு நான் பார்க்கற காரணம் அவங்க காத்திருக்கற செலவை ஒவ்வொரு இடத்துலயும் வெளி ஆளுக்கு கொடுக்காம வீட்டுக்குள்ளயே இறக்கி வச்சிருக்காங்க. நிலம் நூறு வருஷம் முன்னாடி வாங்கினது, அதனால திராட்சை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவங்க தலையில விழாது. பேரல் சொந்தப் பட்டறை, புது பேரல் வாசனை அவங்களுக்கு வேண்டாம், அதனால ஒரே பேரலை தட்டி கொட்டி பல பத்தாண்டு ஓட்டலாம். இது ரொம்ப பெரிய மிச்சம், ஏன்னா நவீன பாணி ஒயின் பண்றவங்க விலை கூடின பிரெஞ்சு ஓக்கை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆகணும். கட்டடமும் சுரங்கமும் தாத்தா காலத்துது. கடைசியா குடும்பம், இப்ப நாலாவது தலைமுறை, மரியா ஹோசே, மெர்செடெஸ், ஹூலியோ சேசர்னு அக்கா தம்பிங்க நடத்தறாங்க, அவங்க அப்பா பெட்ரோ 2013ல காலமானார். லாபத்தை ஒவ்வொரு காலாண்டும் யாருக்கும் காட்டவேண்டிய அவசியம் இல்ல.

இன்னொன்னு, ஒரு தடவை இந்த சுழற்சி உருண்டு ஓட ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு பழைய ஒயின் வெளிய போகும், ஒரு புதுசு உள்ள வரும், வருமானம் வந்துட்டே இருக்கும். கஷ்டம் முதல் சுற்றுலதான். அந்த முதல் சுற்றோட செலவை கொள்ளுத்தாத்தா ரஃபேல் கட்டிட்டார். அதனால இன்னிக்கு ஒருத்தர் போய் "நானும் இதே மாதிரி ஆரம்பிக்கறேன்"னு சொன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

மோசமான காலம்

1970கள்ல ரியோஹாவுக்கு ஒரு பணவெறி பிடிச்சுது. ஷெர்ரிங்கற தெற்கு ஸ்பெயின் ஒயின் பண்ற கம்பெனிங்க, பேங்க்குங்க, வெளிநாட்டு குடி கம்பெனிங்க எல்லாம் உள்ள வந்தாங்க. பெரிய உதாரணம் ருமாசாங்கற குழுமம், பழைய ஒயின் கம்பெனிகளை வாங்கிக் குவிச்சாங்க, அதுல பேட்டர்னினாவும் ஒண்ணு. 1896ல ஆரம்பிச்ச, ஒரு காலத்துல ரியோஹான்னாலே ஞாபகம் வந்த பேரு. 1983ல ஸ்பெயின் அரசாங்கம் ருமாசா மொத்தத்தையும் கையகப்படுத்தி, அப்புறம் துண்டு துண்டா வித்தது. பேட்டர்னினா பழைய மதிப்புக்கு திரும்பவே இல்ல. அங்கயும் பழைய நிலவறை இருந்தது, பழைய பாட்டில் இருந்தது. சரக்கு யார் கையில இருக்கு, அவனுக்கு எவ்வளவு அவசரம், இந்த கேள்விக்கு பதில் மட்டும்தான் ரெண்டு கம்பெனிக்கும் வித்தியாசம்னு எனக்கு தோணுது.

1990கள்ல அடுத்த அலை. ரியோஹா 1991ல ஸ்பெயினோட உச்ச தரச்சான்று வகைக்கு உயர்ந்த முதல் பகுதி. ஆனா அதே சமயத்துல 100 மார்க் போடற விமர்சகர்களோட காலம் உச்சத்துல இருந்தது, அவங்களுக்கு பிடிச்சது கறுப்பா, கெட்டியா, பழுத்த பழம் தூக்கலா, புது பிரெஞ்சு ஓக் வாசனையோட இருக்கற ஒயின். ரியோஹா முழுக்க அந்த பக்கம் ஓடுச்சு. அந்த தட்டுல வச்சு பார்த்தா வெளிறின செங்கல் நிறத்துல, பழ வாசனை குறைஞ்சு, புளிப்பு தெரியற டொண்டோனியா நோஞ்சான் மாதிரிதான் தெரியும். வயசான ஒயின், சோர்ந்த ஒயின்னு சொன்னவங்க நிறைய. இவங்க மாத்தல.

அவங்க மட்டும்தான் நின்னாங்கன்னு எழுதறது தப்பு. அதே பேட்டையில லா ரியோஹா ஆல்டாவும் அமெரிக்க ஓக்குல நீண்ட காலம் வைக்கற, 904, 890ன்னு பேர் வச்ச கிரான் ரெசர்வாக்களை விடல, பேரலும் சொந்தமா பண்றாங்க. முகாவும் சொந்த பட்டறை வச்சிருக்காங்க, முட்டை வெள்ளைக்கருவும் மெழுகுவர்த்தியும் அங்கயும் உண்டு. ஆனா இவங்கெல்லாம் ஒரு கையில பழசை வச்சுக்கிட்டு இன்னொரு கையில நவீன பாணி ஒயினையும் பண்ணாங்க, ரிஸ்க்கை பிரிச்சு வச்சாங்க, புத்திசாலித்தனம்தான். லோபஸ் தே எரேடியா ரெண்டாவது கையை நீட்டவே இல்ல. நேர்மையா சொல்லணும்னா அது சூதாட்டம். சுழற்சி ஓடிட்டு இருந்ததால தோத்தாலும் மெதுவாதான் தோத்திருப்பாங்க, அவ்வளவுதான் அவங்களுக்கு இருந்த பாதுகாப்பு.

காத்து திரும்பினது

2000க்கு அப்புறம் நியூயார்க், லண்டன் பக்கம் ரெஸ்டாரன்ட்டுல ஒயின் பரிந்துரைக்கற சோமலியர் கூட்டம் அந்த கறுப்பு கெட்டி ஒயின்ல சலிச்சுப் போய் சாப்பாட்டோட ஒத்துப்போற, புளிப்பு உள்ள, லேசான ஒயினை தேட ஆரம்பிச்சாங்க. தேடிப் போனா ஆரோவுல ஒரு கம்பெனி இருபது வயசு ஒயினை, ஏலத்துல வாங்காம, தயாரிச்ச இடத்துலேர்ந்தே புதுசா வித்துட்டு இருக்கு. வேற எங்க கிடைக்கும்? அதுவும் வெள்ளை ஒயினை பேரல்ல வருஷக்கணக்குல வைக்கறது, ரோஸ்ங்கற இளஞ்சிவப்பு ஒயினை நாலு வருஷத்துக்கு மேல பேரல்ல வைக்கறது எல்லாம் கேட்டா பைத்தியக்காரத்தனம். ரோஸ்னா போன வருஷம் பறிச்சதை இந்த வருஷ வெயிலுக்கு குடிச்சு முடிக்கணும்ங்கறதுதான் ஊர் வழக்கம். இவங்க ரோஸ் கிரான் ரெசர்வா 2000க்கு அப்புறம் அடுத்து 2008தான், அது கடைக்கு வந்தப்ப அதுக்கே பத்து வயசு. நடுவுல இல்லாத வருஷங்கள்ல தேடி அலைஞ்சவங்க அலைச்சலே ஒரு விளம்பரமா போச்சு.

2006ல முடிஞ்ச இன்னொரு விஷயம். கொள்ளுத்தாத்தா 1910 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக செஞ்ச மரக்கடை ஒண்ணு இருந்தது, அதை சீர்பண்ணி, அதை சுத்தி ஒரு கடை கட்டித் தரச் சொல்லி கட்டட வடிவமைப்பாளர் சாஹா ஹடீத்கிட்ட கேட்டாங்க. அவர் ஒயின் ஊத்தற கண்ணாடி குடுவை வடிவத்துல ஒரு கூடாரம் பண்ணிக் கொடுத்தார். ஸ்டீல் டேங்க்கை வேண்டாம்னு சொல்ற குடும்பம் வாசல்ல இப்படி ஒண்ணை நிறுத்தினா சிரிப்புதான் வரும், ஆனா அந்த நேரத்துல ரியோஹால இதுதான் காய்ச்சல், லாகுவார்டியால கலாட்ராவா கட்டின இசியோஸ், எல்சியேகோவுல மார்கேஸ் தே ரிஸ்கலுக்கு ஃப்ராங்க் கேரி கட்டின ஹோட்டல். இவங்க ஒயினை தொடாம கடையை மட்டும் புதுசாக்கினாங்க. எதை மாத்தலாம் எதை மாத்தக்கூடாதுன்னு தெளிவா தெரிஞ்சவங்க பண்ற வேலை அது.

அதுக்கப்புறம் மொத்த பழைய பாணி ரியோஹாவுக்கே மவுசு. அமெரிக்க பத்திரிகை ஒயின் ஸ்பெக்டேட்டர் 2013ல வருஷத்தோட முதல் ஒயினா குனேவோட இம்பீரியல் கிரான் ரெசர்வா 2004ஐ எடுத்தது, 2020ல முரியேட்டாவோட காஸ்தியோ இகாய் 2010.

லேபிள் சண்டை

இப்ப ரியோஹால ஓடற பெரிய சண்டை, லேபிள்ல என்ன போடறதுங்கறது. வயசா, இடமா? கிரியான்சா, ரெசர்வா, கிரான் ரெசர்வா எல்லாம் எவ்வளவு நாள் வச்சிருந்தன்னு சொல்லுதே தவிர எந்த மண்ணுலேர்ந்து வந்ததுன்னு சொல்லல. அலவேசா பக்க சின்ன தயாரிப்பாளர்களுக்கு இதுல பல வருஷ கோபம், நூறு வருஷ கொடியோட திராட்சையும் மெஷின்ல பறிச்ச சமவெளி திராட்சையும் ஒரே ரியோஹா பேருல ஒரே அலமாரியில நிக்குதேன்னு. 2015 கடைசியில அர்ட்டாடி கம்பெனி ரியோஹா சான்றையே விட்டுட்டு வெளிய போயிட்டாங்க. 2017ல தனித்தோட்ட ஒயினுக்குன்னு ஒரு புது வகையை ரியோஹா ஒயின் வாரியம் கொண்டுவந்தது, அடுத்த வருஷம் ஊர்ப்பேரையும் உட்பகுதி பேரையும் பெரிசா போட அனுமதிச்சாங்க.

இந்த சண்டையில ரெண்டு பக்கமும் லோபஸ் தே எரேடியாவை உதாரணம் காட்டறாங்க. வயசுக் கட்சி, பாருங்க கிரான் ரெசர்வான்னா இதுங்கறாங்க. இடக் கட்சி, பாருங்க அவங்க லேபிள்ல தோட்டத்து பேருதான் நூறு வருஷமா பெரிசா இருக்குங்கறாங்க. எனக்கு இடக் கட்சி பக்கம் சாய்வு. ஏன்னா டொண்டோனியாவையும் போஸ்கோனியாவையும் பண்ற கைகளும் நிலவறையும் ஒண்ணுதான், ஆனா போஸ்கோனியா கொஞ்சம் வலுவா, கொஞ்சம் முரடா, பிரான்ஸோட பர்கண்டி பகுதி ஒயின் மாதிரி தோள் சரிஞ்ச பாட்டில்ல வருது, டொண்டோனியா மெலிசா நிக்குது. வயசு மட்டுமே எல்லாம்னா ரெண்டும் ஒண்ணா இருந்திருக்கணும்.

குறையும் சொல்லிடணும். ஒயின் எல்லாருக்கும் பிடிக்காது, முதல் வாய்ல "கெட்டுப்போச்சா?"ன்னு கேக்கறவங்களை குத்தம் சொல்ல முடியாது, காத்து பட்டு பழகின வாசனை அது. கையால நடக்கற வேலை, பேரலுக்கு பேரல் மாறும், பாட்டிலுக்கு பாட்டிலும் மாறும். அதைவிட பெரிய குறை விலை. ஒரு காலத்துல இருபது வயசு ஒயினை நடுத்தர சம்பளக்காரன் வாங்கலாம்ங்கறதுதான் இந்த கம்பெனியோட அதிசயமே, இப்ப கிரான் ரெசர்வா வந்தா ஒதுக்கீடு, வெயிட்டிங், ரெண்டாம் கை வியாபாரின்னு ஆயிடுச்சு. கம்பெனி நினைச்சாலும் கூட்டி பண்ண முடியாது, நிலம் அவ்வளவுதான், இன்னிக்கு கூட்டினாலும் இருபது வருஷம் கழிச்சுதான் கடைக்கு வரும்.

அதனால ஆர்வம் இருக்கறவங்க கிரான் ரெசர்வா பின்னாடி ஓடாம குபியோ கிரியான்சாவுலேர்ந்து ஆரம்பிங்க, கிடைச்சா டொண்டோனியா ரெசர்வா சிவப்பு, அது போதும் இந்த பாணி உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்க. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைங்க, வண்டல் அடியில இறங்கட்டும். கார்க் பழசா இருந்தா சாதா திருகாணி அதை பொடியாக்கிடும், ரெண்டு தகடு இருக்கற ஓப்பனர்தான் சரி. ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி வேண்டாம், வெயில் ஊர்னா ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் உள்ள வச்சா போதும். கடைசி ரெண்டு விரற்கடை கலங்கலா வரும், அதை ஊத்தாம விட்டுடுங்க.